எல்மைராவும் மெம்ஃபிஸும்: தலைப்பிரசவத்தைத் தேடிப் போன செவிலியர்கள்

1986ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில், எல்மைரா என்ற சிறு நகரத்துக் கர்ப்பிணிகளின் வீடுகளுக்குச் செவிலியரை அனுப்பிப் பார்த்த ஆய்வின் முடிவுகள் வெளியாயின. ஆய்வில் சேர்ந்தவர்கள் 400 பேர். அவர்களில் 354 பேர் வெள்ளையர். மீதி 46 பேர் வேறு இனத்தவர். முக்கியமான கணக்குகளைப் போடும்போது அந்த 46 பேரையும் விட்டுவிட்டார்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை இனவாரியாகவும் வயதுவாரியாகவும் பிரித்துப் பார்த்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பது காரணம். புள்ளியியலின்படி அது சரியான காரணம்தான். ஆனால் அந்தக் கட்டுரையின் பெருமையெல்லாம் வெள்ளைத் தாய்மாரின் பெருமையாகவே நின்றது. கறுப்பினத் தாய் ஒருத்தியின் வீட்டுக்கு இதே செவிலியர் போனால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

அந்தக் கேள்விக்கான விடையைத் தேடி 1990இல் மெம்ஃபிஸ் நகரத்தில் இன்னோர் ஆய்வு தொடங்கியது. இம்முறை 1,139 கர்ப்பிணிகள். நூற்றுக்கு 92 பேர் கறுப்பினத்தவர். இரண்டு ஆய்வுகளையும் டேவிட் ஓல்ட்ஸ் என்ற உளவியலாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்வதே வழக்கம். செவிலியரை வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை உருவாக்கியவர் அவர்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மெம்ஃபிஸ் ஆய்வின் முதல் பெரிய கட்டுரை 1997இல் ‘ஜாமா’ இதழில் வந்தபோது முதல் ஆசிரியராக நின்றவர் ஹாரியட் கிட்ஸ்மன். ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரிப் பேராசிரியர். குழந்தை நலச் செவிலியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர். அந்த மெம்ஃபிஸ் குடும்பங்களை அவரும் குழுவினரும் பிள்ளைகளுக்கு 18 வயது ஆகும்வரை பின்தொடர்ந்து எழுதினார்கள்.

எல்மைராதான் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. சட்டமன்றங்களிலும் செய்தித்தாள்களிலும் அதன் எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன. தாய்மார் ஆரோக்கியத்தில் இனத்துக்கு இனம் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் மெம்ஃபிஸைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. செவிலியர் அதே பாடத்தை அதே அக்கறையோடு சொன்னாலும், அந்த வீட்டைச் சுற்றி எது இருக்கிறது, எது இல்லை என்பதைப் பொறுத்தே பலன் மாறுகிறது.

முதலில் அந்தச் செவிலியர் என்ன செய்தார் என்று சொல்லிவிட வேண்டும். தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களை மட்டுமே சேர்த்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். முதல் பிள்ளையின்போது ஒரு பெண்ணுக்குக் கேட்கும் மனம் இருக்கிறது. அப்போது பழகிய பழக்கம் அடுத்த பிள்ளைக்கும் உதவும் என்பது எண்ணம். கர்ப்பக் காலத்திலேயே செவிலியர் வீட்டுக்கு வரத் தொடங்குவார். குழந்தை பிறந்த முதல் ஆறு வாரம் வாரந்தோறும் வருவார்; பிறகு இடைவெளி கூடிக்கொண்டே போகும்; பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்போது விடைபெறுவார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்து பேசுவார். சாப்பாடு, சிகரெட், மது, சிறுநீர்த் தொற்றின் அறிகுறிகள், விடாத தலைவலியும் முகவீக்கமும் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பவை முதலில். குழந்தை அழுதால் ஏன் அழுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அடுப்பும் மருந்துப் புட்டியும் எட்டாத இடத்தில் இருக்கின்றனவா என்பவை அடுத்து. கடைசியாக, திட்டம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த ஒரு பேச்சு: நீ என்னவாக வேண்டும்? பள்ளியை முடிக்கப் போகிறாயா? வேலைக்குப் போகப் போகிறாயா? அடுத்த குழந்தை எப்போது? ஒரு செவிலியரிடம் ஏறத்தாழ 25 குடும்பங்களுக்கு மேல் ஒப்படைப்பதில்லை என்பது திட்டம் பரவியபோது வந்த விதி. அந்த விதியில்தான் திட்டத்தின் விலையும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

இனி அந்த இரண்டு ஊர்கள்.

எல்மைரா நியூயார்க் மாநிலத்தின் தெற்கு விளிம்பில், பென்சில்வேனியா எல்லைக்குப் பக்கத்தில், ஷெமங் ஆற்றங்கரையில் இருக்கிறது. மார்க் ட்வெய்னின் மனைவி பிறந்த ஊர். ட்வெய்னின் கல்லறையும் அங்கேதான். 1972இல் ஆக்னஸ் புயல் கொண்டுவந்த வெள்ளம் ஊரை மூழ்கடித்தது. தொழிற்சாலைகளும் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆய்வு தொடங்கிய 1970களின் கடைசியில், குழந்தைகளை அடிப்பதும் கவனிக்காமல் விடுவதும் நியூயார்க் மாநிலத்திலேயே அதிகம் பதிவான மாவட்டம் அது. ஓல்ட்ஸ் அந்த ஊரைத் தேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இளமையில் பால்டிமோரில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை பார்த்தவர் அவர். நான்கு வயதுப் பிள்ளை வகுப்புக்கு வரும்போதே சேதம் நடந்து முடிந்திருக்கிறது, பிறப்பதற்கு முன்பே போக வேண்டும் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார்.

மெம்ஃபிஸ் மிசிசிப்பி ஆற்றங்கரைப் பெருநகரம். துப்புரவுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு தர வந்த மார்ட்டின் லூதர் கிங் 1968இல் சுட்டுக்கொல்லப்பட்டது அங்கேதான். 1962இலிருந்து அங்கே இயங்கும் செயின்ட் ஜூட் மருத்துவமனை, புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் பணம் வாங்காமல் சிகிச்சை தருவதில் உலகப் புகழ் பெற்றது. அதே நகரம் 2000களின் தொடக்கத்தில், பச்சிளங்குழந்தை இறப்பு மிகுந்த அமெரிக்கப் பெருநகரங்களின் வரிசையில் முன்னால் நின்றது. உயர்ந்த மருத்துவமும் குழந்தைச் சாவும் ஒரே ஊரில் ஒன்றையொன்று தொடாமல் இருக்க முடியும் என்பதற்கு மெம்ஃபிஸைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எல்மைராவில் சேர்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பதின்ம வயதினர். மணமாகாதவர்கள், ஏழைகள் என்று கணக்கிட்டால் பாதிக்கு மேல். ஆனால் இந்த மூன்று வகையிலும் சேராத பெண்களும் அங்கே இருந்தார்கள். திட்டத்துக்கு அவமானப் பெயர் வந்துவிடக் கூடாது என்று தலைப்பிரசவப் பெண் யார் கேட்டாலும் சேர்த்துக்கொண்டார்கள். மெம்ஃபிஸில் அந்தக் கலப்பு இல்லை. நூற்றுக்கு 98 பேர் மணமாகாதவர்கள், 64 பேர் 18 வயதோ அதற்குக் கீழோ, 85 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. எல்மைராவில் ஏழ்மை என்பது சிலருடைய நிலைமை. மெம்ஃபிஸில் ஆய்வுக்கு வந்த பெண்ணுக்கும் அவள் பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் அதுவே நிலைமை.

இரண்டு இடத்திலும் குலுக்கல் முறையில்தான் பெண்களைப் பிரித்தார்கள். யாருக்குச் செவிலியர் வருவார், யாருக்கு வரமாட்டார் என்பதை ஆய்வாளரும் தீர்மானிக்கவில்லை, பெண்ணும் தீர்மானிக்கவில்லை. செவிலியர் வராத குழுவுக்கும் ஏதாவது கொடுத்தார்கள். மெம்ஃபிஸில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவமனைக்குப் போய்வர இலவச டாக்ஸி. சிறிய விஷயம் போலத் தெரியும்; ஆய்வைப் புரிந்துகொள்ள இது பெரிய விஷயம். மெம்ஃபிஸில் பின்னால் வந்த வித்தியாசங்கள் எதுவும் வண்டி வசதியால் வந்தவை என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் ஒரு செவிலியர் வந்து உட்கார்ந்ததாலேயே வந்தவை.

ஒரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. எல்மைரா ஆய்வு கண்டிப்பான கண்ணுக்குக் கீழே நடந்தது. மெம்ஃபிஸில் மாவட்டச் சுகாதாரத் துறையின் வழியாக, அன்றைய செவிலியர் தட்டுப்பாட்டுக்கு நடுவே நடந்தது. செவிலியர்கள் வேலையை விட்டுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். முகம் மாறினால் நம்பிக்கையை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். பதின்ம வயதுத் தாய்மார் பலர் அம்மா வீட்டிலோ பாட்டி வீட்டிலோ இருந்தார்கள். அந்த வீட்டில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி முடிவெடுப்பவர் அந்தப் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படியிருந்தும் சராசரியாகக் கர்ப்பத்தில் ஏழு முறையும், பிள்ளை பிறந்த பிறகு 26 முறையும் செவிலியர்கள் மெம்ஃபிஸ் வீடுகளுக்குப் போய்வந்தார்கள். எல்மைராவில் ஒன்பதும் 23உம். முயற்சியில் பெரிய வித்தியாசமில்லை.

முடிவுகளில் முதலில் வருவது பிரசவம். இங்கேதான் இரண்டு ஊர்களும் முதன்முறையாக வழி பிரிகின்றன.

எல்மைராவில், புகைபிடிக்கும் பெண்களிடையே குறைமாதப் பிரசவம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. 14 முதல் 16 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் குழந்தைகள் சராசரியாக 395 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. பச்சிளங்குழந்தைக்கு 395 கிராம் என்பது சாதாரணமில்லை. திட்டத்தின் புகழே அந்த எண்ணில்தான் தொடங்கியது.

மெம்ஃபிஸில் குறைமாதப் பிரசவமும் குறையவில்லை, பிறப்பு எடையும் கூடவில்லை. செவிலியர் வந்த வீட்டிலும் வராத வீட்டிலும் ஒரே மாதிரிதான்.

இதைப் படித்துவிட்டு, திட்டம் கறுப்பினப் பெண்களிடம் பலிக்கவில்லை என்று அவசரமாக முடிவுகட்டியவர்கள் உண்டு. கிட்ஸ்மன் கட்டுரையையே கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. எல்மைராவில் புகைபிடிக்கும் கர்ப்பிணிகள் ஏராளம். செவிலியர்கள் அவர்களைச் சிகரெட்டைக் குறைக்க வைத்தார்கள். அந்த வழியாகத்தான் குறைமாதப் பிரசவம் குறைந்தது. மெம்ஃபிஸிலோ ஆய்வில் சேரும்போது நூற்றுக்கு 9 பேர் மட்டுமே புகைபிடித்தார்கள். விடுவதற்குச் சிகரெட்டே இல்லாத பெண்ணிடம் சிகரெட்டை விடச் சொல்லி என்ன பயன்? அந்தப் பெண்களில் பெரும்பாலோர், பெண்ணின் நடத்தையைக் காரணம் காட்டும் புத்தகம் ‘நல்ல கர்ப்பிணி’ என்று சொல்லும் விதத்தில்தான் இருந்தார்கள். அப்படியிருந்தும் குழந்தைகள் முன்னதாகப் பிறந்தன, எடை குறைவாகப் பிறந்தன.

ஆரோக்கிய ஏற்றத்தாழ்வின் உள்ளே இருக்கும் முடிச்சு இதுதான் என்று நான் நினைக்கிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992இலேயே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்: இனப் பாகுபாட்டையும் பொருளாதார நெருக்கடியையும் நாள்தோறும் தாங்கி வாழும் கறுப்பினப் பெண்ணின் உடல், வயதைவிட முன்னதாகவே தேய்ந்துபோகிறது, அந்தத் தேய்வு பிரசவத்தில் வெளிப்படுகிறது. பின்னால் வந்த எண்கள் அவர் பக்கமே நின்றன. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்கள் கர்ப்பம் சார்ந்த காரணங்களால் இறக்கும் விகிதம், பள்ளிப்படிப்பையே முடிக்காத வெள்ளைப் பெண்களின் விகிதத்தைவிட அதிகம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். படிப்பும் பணமும் சேர்ந்தும் துடைக்க முடியாத ஒன்றை, வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்துபோகும் செவிலியர் துடைத்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவருக்கும் அந்தத் தாய்க்கும் செய்யும் அநீதி.

ஆனால் மெம்ஃபிஸ் செவிலியர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. கர்ப்பத்தால் வரும் ரத்த அழுத்தம் செவிலியர் வராத குழுவில் நூற்றுக்கு 20 பேருக்கு இருந்தது. வந்த குழுவில் 13 பேருக்கு. எல்மைராவின் தலைப்புச் செய்திகளில் ரத்த அழுத்தம் இல்லை. மெம்ஃபிஸில் இது முதல் வரிசைக்கு வந்தது. கறுப்பினப் பெண்களைப் பிரசவ காலத்தில் அதிகம் தாக்கும் ஆபத்துகளில் ரத்த அழுத்தமும் வலிப்பும் முன்னிலையில் இருப்பவை. அந்தத் தாய்மாரை உண்மையில் கொல்லக்கூடிய ஒன்று எங்கே இருந்ததோ அங்கே செவிலியரின் கை எட்டியிருக்கிறது. பிறப்பு எடையை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடியவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

அடுத்தது பிள்ளைகளின் பாதுகாப்பு. இங்கே இரண்டு ஊர்களுக்கும் வெவ்வேறு அளவுகோல் தேவைப்பட்டது.

எல்மைராவில் அரசுப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். பிள்ளைகளுக்கு 15 வயதானபோது எடுத்து 1997இல் வெளியான கணக்கின்படி, நிரூபணமான கொடுமை, புறக்கணிப்புப் புகார்கள் செவிலியர் வந்த குடும்பங்களில் சராசரி 0.29, வராத குடும்பங்களில் 0.54. ஏறத்தாழப் பாதி. மெம்ஃபிஸில் அப்படிப் பார்க்க முடியவில்லை. அங்கே அந்த வயது ஏழைக் குழந்தைகளில் அரசுப் பதிவேட்டில் ஏறியவர்களின் விகிதமே மிகக் குறைவு; அதை வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடுவது பயனில்லை என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். பதிலாக மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்தார்கள். விழுந்தது, சுட்டுக்கொண்டது, விஷப் பொருளை விழுங்கியது என்று முதல் இரண்டு ஆண்டில் மருத்துவரிடம் கொண்டுபோன தடவைகள் வராத குழுவில் சராசரி 0.56, வந்த குழுவில் 0.43. காயத்துக்காக மருத்துவமனையில் படுத்த நாட்கள் வராத குழுவில் சராசரி 0.16, வந்த குழுவில் 0.03. இந்தக் கடைசி எண் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிராய்ப்பு எல்லாக் குழந்தைக்கும் வரும். படுக்க வைக்க வேண்டிய அளவுக் காயம்தான் வீட்டின் நிலையைக் காட்டும்.

மெம்ஃபிஸ் வெறும் மறுபதிப்பு ஆகாமல், தன் சொந்த ஆய்வாக நின்றதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம். ஓர் ஊரின் பதிவேடு உண்மையைப் பிடிக்கவில்லை என்றால் வேறெங்கே பிடிக்கும் என்று தேடுவது கைத்தொழிலாகச் செவிலியம் கற்றவருக்குத்தான் இயல்பாக வரும். காயம்பட்ட குழந்தை யாரிடம் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

எல்மைராவுக்கும் ஓர் எல்லை இருந்தது. 2000இல் ஜான் எக்கன்ரோடும் குழுவினரும் அதே எல்மைரா குடும்பங்களைத் திரும்பப் பார்த்தார்கள். கணவரோ துணைவரோ பெண்ணை அடிப்பது அதிகமாக இருந்த வீடுகளில், செவிலியர் வந்ததால் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பு மங்கிப்போயிருந்தது. வன்முறை கூடக் கூடப் பலன் குறைந்துகொண்டே போனது. தாயோடு பேசி மாற்றக்கூடியது ஒன்று. தாயை அடிப்பவனை மாற்றுவது வேறு. மெம்ஃபிஸில் பிறப்பு எடையை அசைக்க முடியாமல் போனதும், எல்மைராவில் அடிதடி வீட்டில் தோற்றதும் எனக்கு ஒரே விஷயமாகவே தெரிகின்றன. இரண்டு இடத்திலும் செவிலியரின் கை எட்டாத தூரத்தில் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

அடுத்த குழந்தையைத் தள்ளிப்போடுவதில் இரண்டு ஊர்களும் ஒத்துப்போயின. அதிகம் சொல்லத் தேவையில்லை. மெம்ஃபிஸில் இரண்டு ஆண்டுக்குள் மறுபடி கர்ப்பமானவர்கள் வராத குழுவில் நூற்றுக்கு 47, வந்த குழுவில் 36. எல்மைராவில் மணமாகாத ஏழைப் பெண்கள் 15 ஆண்டில் அரசு நலத்தொகையை வாங்கிய காலம் 90 மாதத்திலிருந்து 60 மாதமாகக் குறைந்தது. அரசியல்வாதிகளுக்குப் பிடித்தது இந்த 60 மாதம்தான். தாயின் நலனைவிட அவளால் மிச்சமாகும் பணத்தைப் பற்றிப் பேசுவது எளிதாக இருக்கிறது. நிதி ஒதுக்கீட்டுக்கு அந்தப் பேச்சு தேவை என்பதும் தெரியும். இருந்தும் எனக்கு அது உறுத்துகிறது.

மெம்ஃபிஸின் மிகப் பெரிய செய்தி இன்னும் 17 ஆண்டு காத்திருந்தது. 2014இல் ஓல்ட்ஸும் கிட்ஸ்மனும் குழுவினரும் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளியது. 1990இல் சேர்ந்த அந்தத் தாய்மாரில் 2011க்குள் எத்தனை பேர் இறந்துபோனார்கள்?

செவிலியர் வராத குழுக்களில் நூற்றுக்கு 3.7 பேர். கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டியும் மட்டும் செவிலியர் போன குழுவில் 0.4. பிள்ளைக்கு இரண்டு வயது ஆகும்வரை போன குழுவில் 2.2. குழந்தைகளைப் பார்த்தால், 20 வயதுக்குள் தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்தவர்கள் வராத குழுவில் நூற்றுக்கு 1.6, இரண்டு வயதுவரை செவிலியர் போன குழுவில் ஒருவர்கூட இல்லை.

இந்த எண்களைக் கவனமாகக் கையாள வேண்டும். கர்ப்பத்தில் மட்டும் செவிலியர் போன குழுவில் இருந்தவர்கள் 230 பேர், 0.4 விழுக்காடு என்றால் ஒரே ஒரு பெண். நீண்ட காலம் செவிலியர் போன குழுவைவிடக் குறுகிய காலம் போன குழுவில் சாவு குறைவு என்பது நியாயமாகப் படவில்லை. நீண்ட குழுவை மட்டும் தனியாக ஒப்பிட்டால் வித்தியாசம் புள்ளியியல் கண்ணுக்கு உறுதியாக நிற்கவும் இல்லை. இரண்டு குழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் நிற்கிறது. நேர்மையான ஆய்வு தன் சந்தேகத்தையும் எண்களாகவே தருகிறது. இந்தக் கட்டுரை அப்படித்தான் தந்தது.

ஆனால் வராத குழுவின் 3.7ஐ மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டும். சேரும்போது பெரும்பாலோருக்கு 18 வயதோ அதற்குக் கீழோ. 21 ஆண்டு கழித்து அவர்களுக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. 27 பெண்களுக்கு ஒருவர் வீதம் போய்விட்டார்கள். பிள்ளை வளர்ந்து ஆளாவதற்குள் தாய் இல்லை. பிரசவ மேசையில் இறந்தவர்கள் அல்லர் இவர்கள். ஆண்டுதோறும் வெளியாகும் தாய்மார் இறப்பு விகிதத்தில் இவர்கள் வரவே மாட்டார்கள். அந்தக் கணக்கு, கர்ப்பம் முடிந்து 42 நாளோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் 2023இல் அந்த 42 நாள் கணக்கின்படி, உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்குக் கறுப்பினத் தாய்மாரில் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையரில் 14.5 பேர். இந்த இடைவெளியே வெட்கப்பட வேண்டியது. மெம்ஃபிஸ் சொல்வது, ஆபத்து 43ஆம் நாளிலும் தொடர்கிறது, பத்தாம் ஆண்டிலும் தொடர்கிறது என்பதை. தாய்மார் ஆரோக்கியத்தைப் பிரசவ அறையோடு முடித்துவிடும் எந்த ஆய்வும் இந்தப் பெண்களைப் பார்த்திருக்க முடியாது. தாயையும் பிள்ளையையும் ஒரே கோப்பில் வைத்து, விடாமல் பின்தொடர்ந்த ஆய்வால்தான் பார்க்க முடிந்தது.

செவிலியருக்குப் பதில் படிப்புக் குறைந்த, அதே சமூகத்திலிருந்து வரும் பெண்களை அனுப்பினால் போதாதா என்று டென்வர் நகரத்தில் 735 பெண்களோடு சோதித்தார்கள். பலன் இருந்தது, செவிலியர் போனபோது கிடைத்ததில் ஏறத்தாழப் பாதி. மெம்ஃபிஸின் ரத்த அழுத்த எண்ணை நினைத்தால் இதில் வியப்பில்லை.

திட்டம் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போனது 2007இல். 18 இடங்களில், 19 வயதுக்கு மேற்படாத 1,645 பெண்களோடு அதைச் சோதித்த ஆய்வு ‘லான்செட்’ இதழில் வந்தபோது பெரிய ஏமாற்றம்: சிகரெட், பிறப்பு எடை, இரண்டு ஆண்டுக்குள் அடுத்த கர்ப்பம், குழந்தையை அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனது ஆகிய நான்கில் எதிலும் வித்தியாசம் இல்லை. இதைத் திட்டத்தின் தோல்வி என்று எழுதினார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. இங்கிலாந்தில் எந்தக் கர்ப்பிணிக்கும் அரசு மருத்துவச்சி உண்டு, குழந்தை பிறந்த பிறகு நலப் பார்வையாளர் வீட்டுக்கு வருவார், பணம் கேட்பதில்லை. அங்கே ‘செவிலியர் வராத குழு’ என்று ஒன்று உண்மையில் இல்லவே இல்லை. மெம்ஃபிஸில் ஆய்வு கொடுத்ததை, அங்கே அரசு எல்லாருக்கும் முன்பே கொஞ்சம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அமெரிக்காவுக்கே திரும்பினால், தென் கரோலினா மாநிலத்தில் 2016 முதல் 2020 வரை 5,600க்கும் மேற்பட்ட ஏழைக் கர்ப்பிணிகளோடு மிகப் பெரிய ஆய்வு நடந்தது. பாதிக்கு மேல் கறுப்பினப் பெண்கள். 2022இல் முதல் முடிவு வந்தது. குறைமாதம், எடைக் குறைவு, பிறப்பை ஒட்டிய இறப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் செவிலியர் வந்த குழுவில் 26.9 விழுக்காடு, வராத குழுவில் 26.1. மறுபடியும் செய்தித்தாள்களில் தோல்வி என்ற சொல். ஆனால் மெம்ஃபிஸ் 1997இலேயே இதைத்தானே சொல்லியிருந்தது? பிறப்பு எடையை வீட்டுக்கு வரும் செவிலியரால் மாற்ற முடியவில்லை. அதை மாற்ற வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். வீடு, கூலி, காப்பீடு, மருத்துவமனையில் கறுப்பினப் பெண் வலிக்கிறது என்று சொன்னால் நம்பும் மருத்துவர் என்று அந்தப் பட்டியல் நீளும். செவிலியரால் மாற்ற முடிந்தவை ரத்த அழுத்தம், பிள்ளையின் காயம், அடுத்த கர்ப்பம், ஒருவேளை தாயின் ஆயுள். தென் கரோலினாவின் தாய்மாரையும் 21 ஆண்டு பின்தொடர்ந்தால்தான் கடைசியாகச் சொன்னதற்கு விடை கிடைக்கும். 2016இல் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு 2037இல் முடியும். அதுவரை அந்தக் கோப்புகளை யாராவது மூடாமல் வைத்திருக்க வேண்டும்.